ஒன்பது வெள்ளிக்கிழமை

விற்ற மருந்தை நான் திருப்பி எடுப்பதில்லை. கடை முகப்பில் சிவப்பு எழுத்தில் எழுதியே மாட்டியிருக்கிறேன். அப்படியும் வாரத்துக்கு நாலு பேராவது கத்தரித்த மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். காய்ச்சல் விட்டுவிட்டதாம், மிச்சம் இருக்கிறதாம். காய்ச்சல் விட்டதற்கு நானா பொறுப்பு? "படிக்கத் தெரியும் இல்ல?" என்று போர்டைக் காட்டி அனுப்பிவிடுவேன். மாணிக்கவேலுக்கு வாய் நீளம் என்று தெருவில் பெயர். அந்த வாயால் போன கார்த்திகையில் ஒரு காரியம் செய்து தொலைத்தேன்.

சின்ன காஞ்சிபுரத்தில் பெருமாள் கோயில் மதில் தெரிகிற தூரத்தில் என் மெடிக்கல் ஷாப். பக்கத்துச் சுவர் டாக்டர் ஜெபகுமாருடைய பல் ஆஸ்பத்திரி. ஒரே டாக்டர், ஒரே நாற்காலி. செவிலிமேட்டிலிருந்து காலை ஒன்பதரைக்கு ஸ்கூட்டரில் வருவார். ஐம்பத்தாறு வயது. அதிர்ந்து பேசமாட்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கீபோர்டு வாசிப்பார். கிறிஸ்துமஸ் நெருங்கினால் மத்தியானம் ஆள் இல்லாத நேரத்தில் மேசை மேலேயே விரலால் தட்டிப் பழகிக்கொண்டிருப்பார்.

அவருக்கு உதவிக்கு இருப்பவள் கிருஷ்ணவேணி. மாகறலிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். புருஷன் ஆதிகேசவன் நெல் அறுக்கிற மிஷின் ஓட்டுகிறான். அறுப்பு இல்லாத மாதங்களில் வீடு ஓடுவது இவள் சம்பளத்தில்தான். மகள் அபிநயா காலேஜில் இரண்டாவது வருஷம். மத்தியானம் என் கடைப் பின்கட்டில் உட்கார்ந்துதான் வேணி சாப்பிடுவாள். முருங்கைக்கீரையோ கருவாட்டுக் குழம்போ, ஒரு கரண்டி எனக்கும் வரும். அப்படித்தான் பக்கத்துச் சுவருக்குள் நடப்பதெல்லாம் எனக்குத் தெரியும்.

சொத்தைப் பல்லை அடைக்கிற கைக்கருவிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள், வாயைத் திறந்த பயத்தில் கவனித்திருக்க மாட்டீர்கள். பென்சில் நீளத்துக்கு எஃகுக் கம்பிகள். ஒன்றின் முனையில் கடுகு அளவு கரண்டி. விளிம்பு கூராக இருக்கும், சொத்தையைச் சுரண்டி எடுக்க. இன்னொன்றின் முனை தட்டையாக, குட்டித் தோசைக்கரண்டி மாதிரி. வெள்ளை அடைப்பைப் பல்லுக்குள் வைத்து வழித்துவிட. அந்த அடைப்பு மாவுப் பதத்தில் இருக்கும். நீல விளக்கைக் காட்டினதும் இறுகிவிடும்.

இவற்றைக் கழுவிப் பத்திரப்படுத்துவதுதான் வேணிக்குப் பாதி வேலை. வேலை முடிந்த கையோடு, ஒட்டினது காய்வதற்குள் ஈரப் பஞ்சால் துடைத்துவிட வேண்டும். சோப்புத் தண்ணீரில் போட்டு மெத்தென்ற பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தேய்க்க வேண்டும். மொத்தமாக அள்ளிக் கொட்டக் கூடாது. அலசி, சொட்டு ஈரம் இல்லாமல் துடைத்து, உறையில் போட்டு ஒட்டி, ஆட்டோகிளேவ் என்கிற ஆவிப் பெட்டியில் வேகவைக்க வேண்டும். நாலு வருஷமாக அவள் இதில் ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை. டாக்டருக்கே அவள்மேல் கொஞ்சம் பயம். கையுறை போடாமல் டிரேயைத் தொட்டால், "சார், கை" என்பாள். அவரும் கையை எடுத்துக்கொள்வார்.

ஆயுத பூஜை வந்தது. தெருவில் தறி இருக்கிற வீடுகளில் தறிக்குப் பொட்டு, ஆட்டோவுக்கு மாலை, என் கடையில் தராசே கிடையாது, பில் மிஷினுக்குப் பொட்டு. வேணி டாக்டரிடம் கேட்டாள்.

"சார், நம்ம சாமானுங்களுக்கும் பூஜை போடட்டுமா?"

"எனக்கு என்னம்மா, உங்க இஷ்டம். ஆனா அடுத்த பேஷண்டுக்கு முன்னாடி கழுவி ஆவியில வெச்சிடணும்."

"அது எனக்குத் தெரியாதா சார்."

மாகறலில் அவள் வீட்டில் வெள்ளிக்கிழமை தோறும் விளக்கு துலக்குவாள். புளியும் சலித்த செங்கல் பொடியும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்ப்பாள். சாமிக்கு வைக்கிற சாமான் என்றால் அப்படித் தேய்த்தால்தான் அவளுக்கு மனசு ஒப்பும். சோப்பு போட்டதெல்லாம் எச்சில் தட்டுக்கு. அன்றைக்கு ஒரு டப்பாவில் மிச்சப் பொடியைக் கொண்டுவந்து, டாக்டருடைய கரண்டிகளையும் தட்டைக் கம்பிகளையும் குத்துவிளக்கைத் தேய்க்கிற தேய்ப்பு தேய்த்தாள். சந்தனம் குங்குமம் வைத்துப் படைத்தாள். பிறகு கழுவி, முறைப்படி ஆவியில் வைத்துவிட்டாள்.

மறுநாள் டாக்டர் டிரேயைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, புதுசாட்டம் பளபளன்னு இருக்குதே" என்றார்.

அந்த ஒரு வார்த்தை போதாதா? அதிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் டப்பா வந்தது.

ஐப்பசி நடுவில் என் கடைவாய்ப் பல்லை அடைத்தார். பத்தாம் நாள் சுண்டல் மெல்லும்போது அடைத்தது பெயர்ந்து நாக்கில் உருண்டது. மறுபடி அடைத்தார். அதுவும் மூன்று வாரம்கூட நிற்கவில்லை. கோபம் வருமா வராதா? நேராகப் போனேன். வெளியே பெஞ்சில் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "இன்னா டாக்டர், கை ஆடுதா? வயசாயிடுச்சி. ஒண்ணு கண்ணாடிய மாத்துங்க, இல்ல கைய மாத்துங்க" என்றேன்.

பெஞ்சில் எல்லாரும் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். நான் அதைக் கவனித்தேன். கவனித்தும் ஒன்றும் தோன்றவில்லை எனக்கு.

அதற்கப்புறம் அவர் மாறிப்போனார். டீக்கடைப் பையன் கண்ணாடி டம்ளரை நீட்டினால், "அங்க வெச்சிடு" என்பார். ஆள் போன பிறகுதான் எடுப்பார். முன்பல் அடைக்க வருகிறவர்களை வேறு டாக்டரிடம் போகச் சொன்னார். ஒருநாள் என் கடைக்கு வந்து, பில் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்துத் தரச் சொன்னார். கையை நீட்டிப் புறங்கைமேல் தாளை வைத்தார். தாளின் ஓரம் லேசாக நடுங்கியது.

"பார்த்தீங்களா?" என்றார்.

"ஃபேன் காத்து டாக்டர்."

"ஃபேன் ஓடலையே. கரண்ட் இல்ல."

அவரே சொன்னார். "சுரண்டினா கரண்டி கடிக்க மாட்டேங்குது மாணிக்கம். அழுத்த வேண்டியிருக்குது. சாணைக்கல்லுல தீட்டினாலும் ஒரு வாரம் நிக்கல, தீட்டறதும் மறந்துபோச்சு போல. அடைச்சிட்டுக் கம்பிய எடுத்தா அடைப்பும் கூடவே இழுத்துக்கினு வருது. முப்பது வருஷமா செய்யற வேலை. நீங்க சொன்னது சரிதான்."

"நான் வெளையாட்டுக்குச் சொன்னேன் டாக்டர்."

"தெரியும். ஆனா சரியாச் சொல்லிட்டீங்க."

சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தார். கூடப் படித்த டாக்டர் ஒருவர் எழுதியது, கை நடுக்கத்துக்கான மாத்திரை. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். பத்து மாத்திரை, ஒரு அட்டை. ஸ்டெல்லா அம்மாவிடம், அதாவது அவர் மனைவியிடம், சொல்ல வேண்டாம் என்றார். வருஷக் கடைசியோடு ஆஸ்பத்திரியை மூடிவிடலாம் என்று யோசிப்பதாகவும் சொன்னார்.

கார்த்திகைக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. பாலாற்றில் தண்ணீர் போகிறது என்று ஊரே குடை பிடித்துக்கொண்டு செவிலிமேட்டுப் பாலத்தில் போய் நின்றது. ஒரு வியாழக்கிழமை. காலையிலிருந்து கரண்ட் இல்லை, முந்தின நாள் கழுவின சாமான் ஆவிப் பெட்டிக்குள் போகாமல் கிடந்தது. மத்தியானம் கரண்ட் வந்த நேரம் பார்த்துச் சம்பூரணம் நனைந்துகொண்டே வந்தாள். எங்கள் தெரு நெசவுக்காரி. ஐம்பது வயதில் முன்பல்லில் ஒரு வெட்டு, பட்டு நூலைக் கடித்துக் கடித்து விழுந்தது. ஒரு மாதத்துக்கு முன்னால் டாக்டர் அடைத்தது விழுந்துவிட்டது.

"வேற டாக்டர்கிட்ட எழுதித் தரேம்மா" என்றார் இவர்.

"மழையில எங்க போவேன் சார்? கூசுது. தண்ணி குடிக்க முடியல. முகூர்த்தப் புடவை, நாளைக்குத் தறியிலேந்து அறுத்துக் குடுக்கணும்."

"கத்திரி வெச்சிக்கக் கூடாதா? பல்லாலதான் கடிக்கணுமா?"

"கத்திரிய எங்க வெச்சேன்னு தேடறதுக்குள்ள நாலு எழை ஓட்டிடலாம் சார். பல்லு எங்கயும் போவாது, வாயிலயே இருக்குது."

டாக்டர் வேறு வழியில்லாமல் நாற்காலியைக் காட்டினார். சுத்தமான சாமான் வேண்டுமே. அலமாரி மேல்தட்டில் ஒரு உபரி செட் இருந்தது. ஆயுத பூஜைக்கு முன்பே ஆவியில் வைத்து ஒட்டி எடுத்துவைத்தது, உறை பிரிக்காதது. வேணி அதைப் பிரித்துக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமைத் தேய்ப்பு ஒருநாளும் படாத செட்.

இருபது நிமிஷத்தில் வேலை முடிந்தது. கம்பி வைத்த இடத்தில் அடைப்பு நின்றது. அன்றைக்குச் சாயங்காலம் டாக்டர் என் கடை வாசலில் நின்று, "இன்னைக்குக் கை கொஞ்சம் நல்லா இருந்துச்சி மாணிக்கம். மாத்திரை வேலை செய்யுது போல" என்றார். முகத்தில் ரொம்ப நாளைக்கப்புறம் வெளிச்சம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலை ஒன்பது மணிக்கு வேணி என் கடைக்குள் வந்தாள். கையில் இரண்டு கம்பி.

"அண்ணா, அந்தப் பூதக்கண்ணாடி குடுங்க."

மருந்து அட்டையில் தேதி படிக்க நான் வைத்திருப்பது. கொடுத்தேன். அவள் கம்பிகளைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள். உபரி செட் கம்பியின் முனை கண்ணாடி மாதிரி வழவழவென்றிருந்தது. தினம் புழங்குகிற கம்பியின் முனை முழுக்கக் கீறல், மயிரிழைக் கீறல், குறுக்கும் நெடுக்குமாக. கண்ணுக்குப் பளபளப்பு, லென்ஸுக்குள் உழுது போட்ட நிலம். கரண்டியின் விளிம்பு மழுங்கி உருண்டிருந்தது.

"இதையும் சேத்துத் தேய்ச்சிடலாம்னு எடுத்தேண்ணா. விரல் வெச்சா ரெண்டும் வேற வேறயா இருக்குது. கீறல்லதான் மாவு பிடிச்சிக்குது. சார் கை இல்லண்ணா. என் செங்கப்பொடி."

அவள் அழவில்லை. கம்பிகளைத் தாளில் சுற்றினாள்.

"எத்தினி பேரு பல்லுண்ணா. உங்க பல்லு, சம்பூரணத்தக்கா பல்லு. சார் மாத்திரை சாப்பிட்டுக்கினு இருக்காரு. நான் போய்ச் சொல்லிட்றேன்."

இங்கேதான் நான் இரண்டாவது முறை வாயைத் திறந்தேன்.

"உட்காரு. சொல்லி இன்னா ஆவப்போவுது? வேலையிலேந்து தூக்கிடுவாரு. ஆதிகேசவனுக்குத் தை மாசம் வரைக்கும் அறுப்பு கிடையாது. பேசாம இதை எடுத்து வெச்சிடு. நான் சென்னையிலேந்து இதே மாதிரி புது செட்டு வரவெச்சித் தரேன். நாலு நாள். அதுவரைக்கும் அந்த உபரி செட்டை வெச்சி ஓட்டு. தானா சரியாப் போச்சுன்னு நெனச்சிக்குவாரு."

"பொய் இல்லையாண்ணா அது?"

"யாரும் கேக்கல, நீ சொல்லல. இதுல எங்க பொய்?"

அவள் என்னை நம்பினாள். என்னைப் போய் நம்பினாள் பாருங்கள்.

சனிக்கிழமை டாக்டர் நன்றாகத்தான் வேலை செய்தார். ஆனால் ஒரு செட் எத்தனை பேருக்கு வரும்? ஆவியிலிருந்து வருவதற்குள் அடுத்த ஆள் வந்துவிட்டார், பழையதை நீட்ட வேண்டியதாயிற்று. மறுபடி இழுத்தது. நன்றாக இருந்த கை மறுபடி போய்விட்டது என்றதும் மனுஷர் உடைந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். வேலூரில் படிக்கிற மகள் சிம்ரனுக்கு ஸ்டெல்லா அம்மா போன் பண்ணி அழுதார்களாம். அன்றைக்கே சர்ச்சில் பாஸ்டரிடம், இந்தக் கிறிஸ்துமஸுக்கு என்னால் வாசிக்க முடியாது, வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். இருபத்திரண்டு வருஷமாக அவர் உட்கார்ந்த ஸ்டூல்.

திங்கட்கிழமை கிளினிக் வாசலில் அவர் கைப்பட எழுதின அறிவிப்பு ஒட்டியிருந்தது. முப்பத்தொன்றாம் தேதியோடு மருத்துவமனை மூடப்படுகிறது. வேணி அதைப் படித்துவிட்டு என் கடையைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஏதோ அட்டையை அடுக்கிக்கொண்டிருந்தேன். சென்னைப் பார்சல் இன்னும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கடைசி ஆள் போன பிறகு, பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். சுவர் வழியாக அவள் குரல் கொஞ்ச நேரம் கேட்டது. அரை மணி கழித்துச் சாப்பாட்டுப் பையோடு வந்து கண்ணாடியை என் மேசைமேல் வைத்தாள்.

"சொல்லிட்டேண்ணா."

"இன்னா சொன்னாரு?"

"ரொம்ப நேரம் பூதக்கண்ணாடி வழியா பார்த்துக்கினே இருந்தாரு. எத்தினி வாரம்னாரு. ஆயுத பூஜையோட சேத்து ஒன்பது வெள்ளிக்கிழமைன்னேன். எப்பத் தெரிஞ்சிதுன்னாரு. போன வெள்ளிக்கிழமைன்னேன். அதுவரைக்கும் சும்மாதான் இருந்தாரு. அப்பதான் மூக்குக் கண்ணாடியக் கழட்டினாரு. நாலு நாளா தெரியுமான்னு கேட்டாரு. நாளைக்கு வர வேணாம்மான்னாரு."

"நான் சொல்லித்தான் நீ பேசாம இருந்தன்னு சொன்னியா?"

"இல்லண்ணா. பேசாம இருந்த வாய் என்து இல்ல?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

ஆறு நாள் டாக்டர் தனியாகவே வேலை பார்த்தார். என் பார்சல் வந்தும் கொடுக்க முகமில்லை. அவரே புது செட் வாங்கியிருந்தார். மத்தியானங்களில் சுவருக்கு அந்தப்பக்கம் குழாய்த் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கும். ஒவ்வொன்றாகக் கழுவுகிறார். வாசலில் ஒட்டினதைக் கிழித்துவிட்டார், அது மட்டும் தெரிந்தது. என் பக்கம் வரவில்லை. வேணிக்குப் போன் பண்ணினேன். ஆதிகேசவன்தான் எடுத்தான். "காலையில எழுந்து எட்டு மணி வரைக்கும் ரெடியாவறா அண்ணா. அப்புறம் உக்காந்துட்றா" என்றான்.

ஏழாம் நாள் காலையில், ஆள் வருவதற்கு முன்னால், நானே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"பல்லா?" என்றார்.

"பல்லு அப்புறம். அந்த நாலு நாள் என்து டாக்டர். வேணி வெள்ளிக்கிழமையே சொல்றேன்னுச்சி. நான்தான் உட்கார வெச்சேன். கை ஆடுதுன்னு முதல்ல சொன்னதும் இந்த வாய்தான். ரெண்டுமே நான்தான்."

அவர் கழுவிக்கொண்டிருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்தார். கையைத் துடைத்தார். அவசரமே இல்லை.

"தேய்ச்சதுக்கு எனக்குக் கோபம் இல்ல மாணிக்கம். பளபளன்னு இருக்குதுன்னு சொன்னவனே நான்தான். ஒரு தடவை லென்ஸ வெச்சிப் பார்த்திருந்தா முடிஞ்சிபோச்சு. கருவியச் சந்தேகப்படல, என்னைச் சந்தேகப்பட்டேன். புறங்கைமேல தாள வெச்சா யார் கையும் லேசா ஆடத்தான் செய்யும். ஆனா அந்த ஞாயித்துக்கிழமை..." நிறுத்தினார். "என் வீட்டுக்காரி என் சட்டைக்கு பட்டன் போட வந்தாங்க. கை நடுங்குதுன்னு சொன்னதால. நான் போட விட்டேன்."

நான் குனிந்து என் சட்டைப் பட்டனைப் பார்த்தேன்.

"கிறிஸ்துமஸுக்கு நீங்களே வாசிக்கலாம் இல்ல? இன்னும் ரெண்டு நாள் இருக்குது" என்றேன்.

"பாஸ்டர் பொண்ணுகிட்ட குடுத்தாச்சு. ஒரு வாரமா பழகிக்கினு இருக்குது. போய்ப் பிடுங்கச் சொல்றீங்களா?"

நாற்காலியிலிருந்து எழுந்தேன்.

"எங்க போறீங்க? வேணிக்கு போன் போடுங்க" என்றார். "நாளைக்கு வரச் சொல்லுங்க. உங்க பல்லு நாளைக்கு."

மறுநாள் ஒன்பது மணி பஸ்ஸில் வந்துவிட்டாள். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். நான் வாயைத் திறந்து படுத்தேன். புதுக் கரண்டி சொத்தையில் கடிக்கிற சத்தம் மண்டைக்குள் கேட்டது. டாக்டர் கை நீட்ட நீட்ட அவள் எடுத்துக் கொடுத்தாள். தட்டைக் கம்பியை வாங்கினவர் வெளிச்சத்தில் திருப்பி ஒருமுறை பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அடைப்பை வைத்து வழித்து, கம்பியை எடுத்தார். கம்பி மட்டும் வந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தோம், நான் கண்ணோரத்தால்.

வேலை முடிந்ததும் டாக்டர் பழக்க தோஷத்தில் வெறுங்கையோடு டிரேயைத் தள்ளினார்.

"சார்" என்றாள் வேணி. ஒரு வாரத்துக்கப்புறம் அவரிடம் அவளுடைய முதல் வார்த்தை. "கை."

டாக்டர் கையை எடுத்துக்கொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் டப்பா கொண்டுவரவில்லை. டாக்டரே கேட்டாராம், பொட்டு வைக்கலையா என்று. வேணாம் சார் என்றாளாம். "பெட்டிக்கு வெய்ம்மா. உள்ள இருக்கிறதுக்கு வேணாம்" என்றாராம். ஆவிப் பெட்டியின் மூடிமேல் இப்போது ஒரு குங்குமப் பொட்டு இருக்கிறது.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் என் கடைக்கு வந்தார். டீக்கடையில் வாங்கின கண்ணாடி டம்ளர் ஒரு கையில். இன்னொரு கையால் சட்டைப் பையிலிருந்து அந்த மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். எட்டு போய், இரண்டு மிச்சம். போர்டை நிமிர்ந்து பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"படிக்கத் தெரியும்" என்றார்.

நான் அட்டையைத் திருப்பி எடுத்துக்கொண்டேன்.